நான் இல்லை என்று சொன்ன பள்ளிக்கூடம்

சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் தமிழ் வகுப்புக்குள் போய்க் கதவைச் சாத்தியதும், வெளியே பெற்றோர்களின் பேச்சு ஆரம்பித்துவிடும். வாடகைக்கு எடுத்த கூடம் அது. நடையில் மடக்கு நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு ஃபிளாஸ்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். நான் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்த புதிதில் வீட்டு விலையைப் பற்றியும் விசாவைப் பற்றியும் பேசுவார்கள். பிள்ளைகளுக்குப் பத்து வயது ஆனதும் பேச்சு ஒன்றே ஒன்றுக்கு வந்து நின்றுவிட்டது. எந்த ஸ்கூல், அங்கே படித்தால் யூனிவர்சிட்டியில் எதற்கு இடம் கிடைக்கும். அவ்வளவுதான்.

எனக்குப் படிப்பு ஐந்தாவது வரைதான். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். இதையும் அப்படித்தான், ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று, மெதுவாக எழுதுகிறேன். இங்கிலீஷில் எண்கள் தெரியும், என் பெயரை எழுதத் தெரியும். அப்படிப்பட்ட நான் அந்த நடையில் பெரிய ஆளாக இருந்தேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் புரியாது.

என் தம்பி எனக்குப் பதினெட்டு வயது இளையவன். அம்மா போன பிறகு அவனைப் படிக்க வைத்தது நான். நான் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கித்தான் அவன் இன்ஜினியர் ஆனான். எனக்கென்று குடும்பம் அமையவில்லை. அவனுக்குப் பெண் பிறந்தபோது என்னையும் இங்கே கூப்பிட்டுக்கொண்டான். கொஞ்ச வருடம் ஒரு இட்லிக் கடையின் சமையலறையில் வேலை பார்த்தேன். மற்ற நேரமெல்லாம் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டேன். அவள் என்னை அத்தை என்பாள். நான் தமிழில் பேசினால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் அவளுக்குப் புரியும்.

இந்த ஊரில் நல்ல பெயர் எடுத்த பள்ளிகளுக்கு ஒரு எல்லை உண்டு, ஸோன் என்பார்கள். எல்லைக்குள் வீடு இருந்தால்தான் பிள்ளைக்கு இடம். தம்பி வாங்கியது பழைய மரவீடு, குளிர்காலத்தில் தரையிடுக்கு வழியாகக் காற்று வரும். அதே காசுக்கு வேறு இடத்தில் புதுவீடு கிடைத்திருக்கும். ஆனால் எங்கள் வீட்டுப் பின்வேலியோடு அந்தப் பெரிய ஸ்கூலின் எல்லை முடிகிறது. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அந்த வேலியைப் பார்த்து எனக்குள் ஒரு சந்தோஷம் இருக்கும். இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஆக, எங்கள் பெண் அந்தப் பெரிய ஸ்கூலில் இயர் ஒன்பதில், அதாவது இங்கே ஹைஸ்கூல் தொடங்கும் வகுப்பில், சேர்ந்ததும் நடையில் என் நாற்காலிக்குத் தனி மரியாதை வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு அப்பா இருந்தார். அவருடைய மகன் அப்போது சின்ன வகுப்பு. அவர்தான் ஆரம்பிப்பார்.

"ஆன்ட்டி, உங்க ஸ்கூல்ல கேம்பிரிட்ஜ் பரீட்சையா, இந்த ஊர் பரீட்சையா?"

"ரெண்டும் உண்டு. முதல்ல எல்லாரையும் ஒண்ணா வெச்சிருப்பாங்க. கணக்குல கெட்டியா இருந்தா கேம்பிரிட்ஜ் பக்கம் விடுவாங்க."

"மெடிசின் போறதுக்கு எது நல்லது?"

"எதுல படிச்சாலும் மார்க்குதான் பேசும். ஆனா ஸ்கூல் பேரும் பேசும்ல."

இவை எல்லாம் தம்பியும் அவன் மனைவியும் சாப்பாட்டு மேஜையில் பேசியதைக் கேட்டு நான் சேர்த்து வைத்தது. சொல்லும்போது என்னுடையது மாதிரி இருக்கும்.

"ஆன்ட்டி, பேசாம நீங்க கன்சல்டன்சி ஆரம்பிச்சுடுங்க. வாசல்ல பெரிய போர்டா வைங்க."

"வெச்சா அதுல என்ன எழுதியிருக்குன்னு நீதான் வந்து படிச்சுச் சொல்லணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படிக்காதவள் என்று நானே சொல்லிவிட்டு, படித்தவர்களை என்னைச் சுற்றி உட்கார வைப்பதில் எனக்கு ஒரு ருசி இருந்தது.

பெண்ணுக்கு அந்தப் பள்ளி ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் வயிற்றுவலி என்றாள். நான் ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். அப்புறம் தலைவலி. அப்புறம் எதுவும் சொல்லாமல், யூனிஃபார்ம் போட்டு, ஷூவும் போட்டு, வாசல் படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். எழுந்திரு என்றால் எழுந்திருக்க மாட்டாள். அழவும் மாட்டாள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படிக்கிற இடம். மணி அடித்தால் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் அவளுக்கு மூச்சு நின்றுபோகிற மாதிரி ஆகிவிடுகிறது என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். எங்களிடம் சொல்லவில்லை.

தம்பி மனைவி விசாரித்து ஒரு இடம் கண்டுபிடித்தாள். சார்ட்டர் ஸ்கூல் என்றார்கள். தம்பி எனக்கு விளக்கினான். "காசு கவர்மென்ட் குடுக்கும்க்கா, நடத்துறது வேற ஆளு. நம்ம ஊர்ல எய்டட் ஸ்கூல் இருக்கும்ல, கிட்டத்தட்ட அது மாதிரி."

"பரீட்சை வெச்சு எடுக்குறாங்களா?"

"இல்லக்கா."

"ஸோன் இருக்கா?"

"அதுவும் இல்ல. இடம் இருந்தா குடுப்பாங்க."

ஃபீஸ் இல்லை, பரீட்சை இல்லை, எல்லை இல்லை. யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்றால் அதற்கு என்ன மதிப்பு என்றுதான் என் புத்தி போனது.

சேர்க்கிற அன்று நானும் போனேன். எல்லர்ஸ்லி என்கிற பகுதியில் தம்பியின் ஆபீஸ் இருக்கிற தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, இன்னொரு ஆபீஸ் கட்டடம். கீழே கைகால் வலிக்குப் பயிற்சி கொடுக்கும் கிளினிக். பள்ளிக்கூடம் இரண்டாவது மாடியில். லிஃப்டில் ஏறிப் போனோம். மைதானம் இல்லை, மணி இல்லை. அரைக்கால் சட்டை போட்ட ஒரு வாத்தியார் வந்து எனக்கு நாற்காலி போட்டார். ஒரு நீள மேஜையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். ஒருத்தன் கம்பளத்தில் படுத்துக்கொண்டு புத்தகம் படிக்கிறான்.

தம்பியிடம் கேட்கச் சொன்னேன். "இங்க படிச்சா யூனிவர்சிட்டி போக முடியுமான்னு கேளு."

அவன் தயங்கிக் கேட்டான். வாத்தியார் என்னைப் பார்த்தே பதில் சொன்னார். தம்பி தமிழில் சொன்னான். "போகலாமாம். அதே பரீட்சைதானாம். முதல்ல அவ தினமும் வர்றாளான்னு பார்ப்போம்னு சொல்றாரு."

தினமும் வருவதெல்லாம் ஒரு படிப்பா என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். ஆனால் அவள் தினமும் போனாள். மூன்றாவது வாரம் காலையில் கண்ணாடி முன்னால் நின்று பாட்டு முணுமுணுத்தாள். அதை நான் என் காதால் கேட்டேன். கேட்டும் எனக்கு அந்தப் பள்ளியை வெளியே சொல்ல வாய் வரவில்லை.

நடையில் அப்போது அந்தப் பேச்சும் நடந்தது. கம்ப்யூட்டர் அப்பா சொன்னார். "சார்ட்டர் ஸ்கூலா? மத்த எடத்துல தாக்குப் பிடிக்க முடியாத பசங்களுக்குங்க அது. அங்க போனா மெடிசின மறந்துட வேண்டியதுதான்." நான் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். பொய் இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

குளிர் வந்தது. பெரிய ஸ்கூலின் யூனிஃபார்ம் ஜாக்கெட் ஒன்று, கெட்டிக் கம்பளித் துணியில் கோட்டு மாதிரித் தைத்தது, நெஞ்சில் பொன்னிற நூலில் பள்ளி முத்திரை போட்டது, அலமாரியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பெண் வளர்வாள் என்று ஒரு அளவு பெரிதாக வாங்கியது. எனக்குச் சரியாக இருந்தது. இங்கே என் வயதுக்காரிகள் பிள்ளைகள் கழித்த ஜாக்கெட்டைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, காலில் சாக்ஸும் ஷூவுமாகக் கோயிலுக்கும் கடைக்கும் போவது சாதாரணம். நல்ல துணியை வீணாக்க யாருக்கும் மனசு வராது. முதல் நாள் நான் குளிருக்காகத்தான் போட்டேன் என்று சத்தியம் செய்வேன். இரண்டாவது சனிக்கிழமை அப்படிச் சொல்ல முடியாது. முத்திரை தெரிகிற மாதிரி சேலைத் தலைப்பை அந்தப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனேன்.

பெண் காரில் ஏறும்போது பார்த்தாள். "அத்தை, ஒய் ஆர் யூ வேரிங் தட்?"

"குளுருது."

"வேர் இஸ் யுவர் பர்ப்பிள் கோட்?"

"அது நனைஞ்சிருக்கு."

நனையவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமைதான் ஒரு அம்மா என்னிடம் வந்தது. யாழ்ப்பாணத்துக்காரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். முதியோர் இல்லத்தில் வேலை. ஷிஃப்ட் முடித்த கையோடு நீலச் சட்டையில் வருவாள். அவளுடைய மகளும் எங்கள் பெண்ணும் தமிழ் வகுப்பில் ஒரே பெஞ்சு. அந்தப் பெண் படிப்பது வேறு ஒரு பெரிய ஸ்கூல். இரண்டு பேரும் இடைவேளையில் ஒரே ஃபோனைப் பார்த்துக்கொண்டு தலையோடு தலை முட்டி நிற்பார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அன்ரி, உங்களோட ஒண்டு கதைக்கோணும். எனக்கு வேற ஆரிட்டையும் கேக்க விருப்பமில்லை."

"சொல்லும்மா."

"என்ர பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போறாள் இல்லை. காரை விட்டு இறங்க மாட்டன் எண்டு நிக்கிறாள். நான் வேலைக்குப் பிந்திப் பிந்திப் போறன். எல்லர்ஸ்லியில அந்தச் சார்ட்டர் பள்ளிக்கூடத்தில ஒரு இடம் இருக்கெண்டு கடிதம் வந்திருக்கு. ஒரே ஒரு இடம். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் குடுக்கோணும். இவர் வேண்டாம் எண்டுறார். அங்க விட்டா கம்பஸுக்குப் போக மாட்டாள், ஒண்டுக்கும் உதவாத பிள்ளையளைத்தான் அங்க விடுறது எண்டு நிக்கிறார்."

இவர் என்றது புருஷனை, கம்பஸ் என்றது யூனிவர்சிட்டியை.

"உங்கட பிள்ளை அங்கதான் படிக்கிறா, நல்ல சந்தோசமா இருக்கிறா எண்டு இவள் சொல்றாள். உண்மையே அன்ரி? உங்கட வீட்டுப் பிள்ளையே அங்க படிக்குதெண்டா இவரும் ஒண்டும் கதைக்க மாட்டார். உங்களை அவருக்கு நல்ல மதிப்பு."

உண்மை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள், ஆனால் எதிர் நாற்காலியில் கம்ப்யூட்டர் அப்பா ஃபோனிலிருந்து தலையைத் தூக்கிவிட்டார். என் நெஞ்சில் அந்த முத்திரை இருந்தது.

"இல்லையேம்மா," என்றேன். "எங்க பொண்ணு பழைய ஸ்கூல்லதான். யாரு சொன்னா இப்படி?"

அவள் முகம் எப்படி மாறியது என்று எழுத வரவில்லை. கொஞ்ச நேரம் என் ஜாக்கெட்டைப் பார்த்தாள். "அப்ப இவள் ஏன்..."

அந்த நேரம் பார்த்து வகுப்பு விட்டது. எங்கள் பெண்ணும் அந்தப் பெண்ணும் சேர்ந்தே வெளியே வந்தார்கள். அத்தோடு நான் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. விடவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி எங்கள் பெண்ணைக் கேட்டேன்.

"ஏண்டா, நீ பழைய ஸ்கூல்லதான படிக்கிற? ஏதோ மாறிட்டன்னு பேசிக்கிறாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். ஜாக்கெட்டைப் பார்த்தாள். சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்தாள். "ஆமா," என்றாள். எனக்கு எப்போதும் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள் அதைத் தமிழில் சொன்னாள்.

யாழ்ப்பாணத்துப் பெண் ஒரு அடி பின்னால் போனாள். அவள் அம்மா எழுந்து, எங்கள் எல்லார் முன்னாலும், சத்தம் போடாமல்தான், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "உனக்குப் பள்ளிக்கூடம் போகப் பஞ்சியெண்டா, சோம்பலெண்டா அதைச் சொல்லு. மற்ற ஆக்களின்ர பேரில ஏன் பொய் சொல்றாய்?"

அந்தப் பெண் எங்கள் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் பெண் தரையைப் பார்த்தாள்.

காரில் நானும் அவளும் பின்சீட்டில். ஓட்டிக்கொண்டிருந்த தம்பி வகுப்பு எப்படி என்று கேட்டான். நல்லா இருந்துச்சு என்றாள். வீட்டு வாசலில் இறங்கும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஷீ இஸ் மை ஃப்ரெண்ட்," என்றாள். நடந்ததை அம்மா அப்பாவிடம் சொல்லவில்லை.

ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். அவள் பள்ளிக்குப் போனாள், வந்தாள், நான் வைத்ததைச் சாப்பிட்டாள். முணுமுணுக்கிற பாட்டு நின்றுபோனது. வெள்ளிக்கிழமை என்று அந்த அம்மா சொன்னது எனக்குள் கிடந்து குடைந்தது. அவளுடைய ஃபோன் நம்பர் என்னிடம் இல்லை. தம்பி மனைவியிடம் கேட்டால் எதற்கு என்று கேட்பாள். அதைச் சொல்ல அஞ்சி அந்த நாலு நாளையும் கழித்தேன் என்பதும் உண்மை.

வியாழக்கிழமை எல்லாரும் கிளம்பிய பிறகு பஸ் ஏறினேன். வயதானவர்களுக்கான கார்டு இருந்தால் ஒன்பது மணிக்கு மேல் காசு கேட்க மாட்டார்கள். அவள் வேலை செய்கிற முதியோர் இல்லம் பஸ் போகிற வழியிலேயே இருக்கிறது. முன்பு ஒருமுறை காட்டியிருக்கிறாள். ஊதாக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போனேன்.

வாசலில் வருகிறவர்கள் எழுதும் நோட்டு. என் பெயரை எழுதினேன். அடுத்த கட்டங்களில் என்ன கேட்கிறார்கள் என்று தெரியவில்லை, காலியாக விட்டேன். மேஜைக்காரப் பெண்ணிடம் அவள் பெயரை மட்டும் சொன்னேன். ஹீட்டர் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி சக்கர நாற்காலியில் இருந்தாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். உள்ளேயிருந்து அந்த அம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே ஓடி வந்தாள்.

"என்ன அன்ரி, தனியா வந்திருக்கிறியள்? ஆருக்கும் சுகமில்லையே?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சனிக்கிழமை நான் சொன்னது பொய்."

அவள் கழற்றிய கையுறையை இறுக்கிப் பிடித்தாள்.

"எங்க பொண்ணு அந்த ஸ்கூல்லதான் படிக்குது. ரெண்டு மாசம் ஆச்சு. உன் பொண்ணு சொன்னதுதான் நிஜம். எங்க பொண்ணையும் நான்தான் அப்படிச் சொல்ல வெச்சேன். அங்க அவ நல்லா இருக்கா. காலையில தானா எந்திரிச்சுப் போறா."

"ஓம்," என்றாள். அது ஆமாம் இல்லை, கேட்டுக்கொண்டேன் என்கிற ஓம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "அன்ரி, நாங்கள் திங்கட்கிழமையே வேண்டாம் எண்டு எழுதிப்போட்டம். இவர்தான் எழுதினவர். பாத்தியா, அவையின்ர பிள்ளை அங்க இல்லவே இல்லை எண்டு சொல்லிச் சொல்லி."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்குன்னியே."

"இருந்தது. என்னத்துக்கு இழுக்கிறது எண்டு முடிச்சாச்சு." கையுறையை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். "அண்டைக்கு அவளின்ர ஃபோனைப் பறிச்சு வச்சிட்டன். பொய்க்காரி எண்டு பேசினன். தகப்பனும் பேசினார். அவள் ஒரு சொல்லுத் திருப்பிச் சொல்லேல்லை. இப்ப என்னோடயும் கதைக்கிறேல்லை."

"இப்ப கேட்டா அந்த இடத்தைக் குடுக்க மாட்டாங்களா?"

"கேக்கிறன். வேலை முடிய ஃபோன் எடுத்துக் கேக்கிறன்." பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "ஏன் அன்ரி?"

"வெக்கமா இருந்துச்சும்மா."

"எதுக்கு? பிள்ளை தானா எழும்பிப் பள்ளிக்கூடம் போறதுக்கோ?"

உள்ளே யாரோ கூப்பிடும் மணி அடித்தது. அவள் எழுந்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பஸ்ஸில் திரும்பி வருவது சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு மட்டும் சொன்னது காணாது," என்றாள். "அவளிட்டச் சொல்லுங்கோ. எல்லாருக்கும் முன்னாலதானே நடந்தது."

அன்று சாயங்காலம் தம்பியிடமும் அவன் மனைவியிடமும் சொன்னேன். தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டான். "நாங்க யார்கிட்டயும் மறைக்கலையேக்கா. என் ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். நீ எதுக்கு மறைச்ச?"

அவன் மனைவிக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. "அண்ணி, அவளையா சாட்சி சொல்லக் கூப்பிட்டீங்க?" என்றாள். அதையே இரண்டு தடவை கேட்டாள். அவள் என்னிடம் குரல் உயர்த்திய ஒரே நாள் அது.

பெண்ணின் அறைக்குப் போனேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "நான் கேட்டா நீ இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல," என்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது இது.

அவள் யோசித்துத் தமிழில் சொன்னாள், எனக்காக. "அவ்ளோ பேர் உங்களைப் பார்த்துட்டு இருந்தாங்க அத்தை. நான் நோ சொன்னா நீங்க எங்க போவீங்க?"

நான் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், ஒன்றுக்கும் உதவாதவள் என்று நாலு பேர் சொல்லிவிடாமல். பதின்மூன்று வயதுப் பிள்ளை என்னைக் காப்பாற்றியிருக்கிறாள், தன்னுடைய தோழியைக் கொடுத்து.

சனிக்கிழமை வகுப்பு விட்டதும் நடையில் எழுந்து நின்றேன். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் அவள் அம்மா பக்கத்தில் நின்றாள். "கண்ணு, போன வாரம் பொய் சொன்னது நீ இல்ல, நான்," என்றேன். "எங்க பொண்ணு சார்ட்டர் ஸ்கூல்லதான் படிக்குது. நீ சொன்னது சரி. உன்னை எல்லாரும் தப்பா நினைக்கும்படி நான் பண்ணிட்டேன்."

கம்ப்யூட்டர் அப்பா ஃபோனைப் பையில் போட்டுவிட்டுத் தன் மகனின் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தார். யாரோ ஒருவர் "விடுங்கம்மா" என்றார். அந்தப் பெண் என்னிடம் "ஓகே" என்றாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, "ஐ டோல்ட் யூ," என்றாள். அவ்வளவு மெதுவாக அதைச் சொன்னாள். அவள் அம்மா மகளின் தோளில் கை வைத்தாள், மகள் தோளை நகர்த்திக்கொண்டாள்.

அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது. புதன்கிழமையே போயிருந்ததாம். செவ்வாய்க்கிழமை நான் பஸ் ஏறியிருந்தால் கிடைத்திருக்கும். காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதினார்கள். அந்த வருடத்தின் மீதி இரண்டு டேர்மும் அந்தப் பெண் பழைய பள்ளியின் வாசலில் காருக்குள் உட்கார்ந்திருந்தாள், சில நாள் இறங்கினாள், பல நாள் இறங்கவில்லை. அவள் அம்மா அந்த வேலையில் மணிநேரத்தைக் குறைத்துக்கொண்டாள். இதெல்லாம் எங்கள் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தோழிகள் இரண்டு பேரும் எப்போது மறுபடி பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் நடக்கவில்லை.

புதுப் படிப்பு வருடம் தொடங்கும் பிப்ரவரியில் இடம் கிடைத்தது. தகப்பன்தான் கையெழுத்துப் போட்டார் என்றார்கள். அவள் அம்மாவுக்கு அதிகாலை ஷிஃப்ட் என்பதால் ஆறரை மணிக்கு மகளை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போவாள். தம்பி தன் காரில் இரண்டு பேரையும் கொண்டுபோய் விடுவான். ஆக, தினமும் காலையில் அந்தப் பெண் எங்கள் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறாள். தம்பிக்குக் குட் மார்னிங் சொல்வாள், அவன் மனைவியை அன்ரி என்பாள். என்னைப் பார்த்தால் தலையை அசைப்பாள். மரியாதைக் குறைவாக ஒருநாளும் நடந்ததில்லை. நான் சுடுகிற தோசையைச் சாப்பிடுவாள், போதும் என்றால் கையைக் குறுக்கே வைப்பாள்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை வாங்க நான் கையை நீட்டுவேன். எங்கள் பெண் தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் பையை எடுக்க ஓடுவாள். அந்தப் பெண் கொடுக்க மாட்டாள். தானே கழுவி, துடைத்து, அடுக்கில் வைத்துவிட்டுப் போகிறாள்.